அரை டாங்க் டீசல்

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் கை சுடாது. தயங்காமல் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். தயங்குகிறவனுக்குத்தான் சுடும். நான் தயங்கவில்லை. ராஜபாளையத்தில் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஒரு ஜின்னிங் பேக்டரி முற்றத்தில், மூக்கு நீண்ட பழைய லாரி ஒன்றின் முன் பம்பரில் வெற்றிலை விரித்து, அதன் மேல் சூடம் கொளுத்தி வைத்திருந்தார்கள். சுற்றி இருபது பேர் நின்றார்கள். “இந்த வண்டியில டீசல் வர்ற வழியில ஒரு கோளாறும் இல்ல, இது சத்தியம்” என்று சொல்லி ஒரே அடியில் அணைத்தேன். கையில் கொஞ்சம் கரி ஒட்டியது. கைலியில் துடைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது.

அந்தச் சத்தியத்தை நான் பொய்யென்று தெரிந்து செய்யவில்லை. அதுதான் இன்னும் மோசம். பொய்ச் சத்தியம் செய்கிறவனுக்காவது தான் சொல்வது பொய் என்று தெரிந்திருக்கும். எனக்கு அந்த அறிவுகூட இல்லாமல் போயிற்று. முழு நம்பிக்கையோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு நல்ல மனிதரின் வாழ்க்கையை ஒரே அடியில் அணைத்துவிட்டு, மத்தியானம் வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அவரை நாங்கள் டிரைவர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். விடிந்ததும் முதல் பஸ்ஸில் ராஜபாளையம் வந்து இறங்கி, நேராகப் பேக்டரிக்கு நடந்துவிடுவார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வேதக்காரர்; கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வண்டியைத் தொடுவார். முதலாளியும் அதற்குச் சம்மதித்திருந்தார். பேச்சு குறைவு. எதையும் ஒரு தடவைதான் சொல்வார். காதில் விழவில்லை என்று திரும்பக் கேட்டால் சொல்வார். நம்பாமல் திரும்பக் கேட்டால் சொல்ல மாட்டார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு எப்படித்தான் தெரியுமோ. எனக்கு அது அந்தக் காலத்தில் திமிராகத் தெரிந்தது.

அந்த லாரி முதலாளியின் அப்பா காலத்தில் வாங்கியது. அப்போதே ஊரில் மூக்கு லாரிகள் குறைந்துவிட்டன. முகம் தட்டையான புது வண்டிகள் வந்து ஓடிக்கொண்டிருந்தன. முதலாளி இதை விற்கச் சம்மதிக்கவே மாட்டார். ராசியான வண்டி என்பார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். வண்டியைத் தட்டிக்கொடுக்கும்போது மட்டும் அதனிடமும் தெலுங்கில் ஏதோ சொல்வார். சோழபுரம் பக்கமிருந்து பருத்தி ஏற்றி வரும். தென்காசிக்குப் பஞ்சுப் பொதி கொண்டு போகும். திரும்பும்போது தேவதானத்தில் தேங்காய் ஏற்றும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு மாசி மாதத்தில் நடுவழியில் நிற்கத் தொடங்கியது.

டீசல் வண்டியில் டீசல் வரும் வழி பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டாங்க்குக்குள் மேலிருந்து அடிவரை ஒரு குழாய் இறங்கியிருக்கும். சக்சன் பைப் என்போம். எஞ்சின் பக்கத்திலுள்ள ஃபீட் பம்ப் அந்தக் குழாய் வழியாக டீசலை உறிஞ்சி ஃபில்டருக்குத் தள்ளும். அங்கிருந்து அது பெரிய பம்புக்குப் போய், நாசில் வழியாக எஞ்சினுக்குள் இறங்கும். இந்த வழியில் எங்கேயாவது ஊசி முனை அளவுக்குக் காற்று புகுந்தால் போதும், எஞ்சின் நாலு தடவை இருமிவிட்டு நின்றுவிடும். பிறகு கைப்பம்பை அடித்து அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று எங்கே புகுகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் மெக்கானிக்கின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

எனக்கு அதில் பெரிய பேர் இருந்தது. அவன் கை வைத்த வண்டி நிற்காது என்று தென்காசி ரோட்டில் பேசிக்கொள்வார்கள். பேசிக்கொள்வார்கள் என்பதை நானே நாலு பேரிடம் சொல்லவும் செய்வேன். அந்த வண்டி என்னிடம் ஐந்து தடவை வந்தது. முதல் தடவை ஃபில்டரை மாற்றினேன். இரண்டாம் தடவை ஃபீட் பம்பைப் பிரித்து வால்வுகளை மாற்றினேன். அடுத்தது ஒவ்வொரு இணைப்பிலும் செம்பு வாஷரைப் புதிதாகப் போட்டு இறுக்கினேன். நாலாவது தடவை டாங்கை வடித்துக் கழுவி மறுபடி நிறைத்தேன். சக்சன் பைப் அடைத்திருக்குமோ என்று மேலிருந்து கம்ப்ரஸர் காற்றை விட்டுப் பார்த்தேன். டாங்க்குக்குள் குமிழி வரும் சத்தம் நன்றாகக் கேட்டது. அடைப்பு இல்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

அந்தக் குழாயைக் கழற்றி வெளியே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். நாலே நாலு ஸ்க்ரூதான் அதைப் பிடித்திருந்தது. நாலும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. முறுக்கினால் தலை உடையும், உடைந்தால் துளை போட்டு எடுக்க வேண்டும், ஒரு நாள் வேலை இழுத்துவிடும். அடைப்புதான் இல்லையே, எதற்கு வீண் வேலை என்று விட்டேன். இந்த நாலு ஸ்க்ரூவைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

இன்னொன்றும் இருந்தது. என் ஒர்க்‌ஷாப்பில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். டீசல் கோளாறு என்று எந்த வண்டி வந்தாலும் முதலில் டாங்கை நிறைத்துக்கொண்டு வரச் சொல்வேன். பாதி டிரைவர்கள் டாங்கைக் காயப்போட்டு அடி வண்டலை உறிஞ்ச விட்டுவிட்டு மெக்கானிக்கைக் குறை சொல்வார்கள். அந்தத் தொல்லையே வேண்டாம் என்று போட்ட சட்டம் அது. ‘டாங்க் ஃபுல்லா? அப்பத்தான் கை வைப்பேன்’ என்பேன். எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. ரொம்பக் கறாரான ஆள் என்று மதித்தார்கள். இந்த வண்டியும் ஐந்து தடவையும் நிறைந்த டாங்க்கோடுதான் வந்தது. நானே ஓட்டிச் சத்திரப்பட்டி ரோட்டில் போய்வருவேன். குதிரை மாதிரி ஓடும். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மூன்றாம் நாள் வழியில் நிற்கும்.

ஐந்தாம் தடவை வந்தபோது டிரைவர் அண்ணாச்சி என்னிடம் வாய் திறந்தார். “தம்பி, அரை டாங்க்குக்கு மேல இருந்தா ஓடுது. அதுக்குக் கீழ எறங்கினா நிக்குது. குச்சி விட்டுப் பாத்துட்டேன். டாங்க்குல டீசல் கெடக்கு, ஆனா வர மாட்டேங்குது.” இதைச் சொல்லிவிட்டு, “ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பெரியவர் இருக்காரு, அவர்ட்ட ஒருக்கக் காட்டலாமான்னு மொதலாளிட்ட கேக்கலாம்னு இருக்கேன்” என்றார்.

அந்த முதல் பேச்சு என் காதில் ஏறவே இல்லை. இரண்டாவது பேச்சுதான் ஏறியது. நான் இருக்கும்போது இன்னொருத்தனிடம் காட்டுவதா? என் முகம் சிவந்துவிட்டது. “டீசலுக்கு எழுதப் படிக்கத் தெரியுமாண்ணாச்சி? அரை டாங்க் ஆச்சு, இனிமே வரக்கூடாதுன்னு அதுக்கு யாரு சொன்னா? நீங்க ஸ்டியரிங்கப் பாருங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. திரும்ப ஒரு தடவை சொல்லவும் இல்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்று அவர் எனக்கு விரல் வைத்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். நான் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் கைவிட்டபின் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டி நின்றதும் ரப்பர் குழாயை டாங்க்குக்குள் விட்டு, வாயால் உறிஞ்சி, டீசலை ஒரு கேனில் பிடித்துக்கொள்வார். அந்தக் கேனை எஞ்சினுக்கு மேலே கயிற்றில் கட்டி, குழாயை ஃபீட் பம்பில் நேராக மாட்டிவிடுவார். டாங்கை நம்பாமல் கேனை நம்பி ஊர் வந்து சேர்ந்துவிடலாம். கேன் தீர்ந்தால் மறுபடி உறிஞ்ச வேண்டும். வாயெல்லாம் டீசல் நாற்றத்தோடு வந்து நிற்பார். இத்தனை பாடு பட்டு ஒரு நாள்கூடச் சரக்கைப் பிந்திக் கொடுத்ததில்லை. இது எதையும் முதலாளியிடம் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் அது என் வேலையைக் குறை சொன்ன மாதிரி ஆகும் என்று நினைத்திருக்கலாம். அவர் அப்படிப்பட்ட ஆள்தான்.

சோழபுரம் ரோட்டில் ஒரு நாள் பட்டப்பகலில் அவர் இப்படிக் குனிந்து உறிஞ்சிக்கொண்டிருந்ததை, பஸ்ஸில் போன முதலாளியின் மைத்துனர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். ஒதுக்குப்புறமாக வண்டி நிற்கிறது. டிரைவர் டாங்க்கிலிருந்து டீசலை எடுத்துக் கேனில் பிடிக்கிறார். லாரித் தொழிலில் இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மறுநாள் காலை பேக்டரி முற்றத்தில் எல்லாரையும் கூட்டிவிட்டார்கள். என்னையும் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். டிரைவர் அண்ணாச்சி நடந்ததை நடந்தபடி சொன்னார். டீசல் இருந்தும் வரவில்லை, அதனால் கேனில் பிடித்து மாட்டி ஓட்டினேன் என்றார். மைத்துனர் விடவில்லை. “அஞ்சு தடவ ஒர்க்‌ஷாப்புக்குப் போன வண்டி. இன்னும் என்ன கோளாறு? எடுத்து வித்துட்டு, வண்டி நின்னுபோச்சுன்னு கத சொல்லுதீரு” என்றார். முதலாளி மோசமான மனிதர் இல்லை. முகம் வாடித்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு வழியாகப் பிரச்சினையை முடிக்க எங்கள் பக்கத்தில் உள்ள வழக்கத்தை எடுத்தார். “சூடத்தக் கொளுத்துங்க. எடுக்கலன்னு அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். நான் ஒரு கேள்வி கேக்க மாட்டேன். சாவிய எடுத்துட்டு வண்டிக்குப் போகட்டும்.”

அதைவிடச் சுலபமான வழி உலகத்தில் இல்லை. ஒரு அடி அடித்தால் முடிந்தது. டிரைவர் அண்ணாச்சி அந்தச் சூடத்தைப் பார்த்தார். “நான் சத்தியம் பண்ண மாட்டேன் மொதலாளி” என்றார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. “எங்களுக்கு அது வேதத்துல விலக்கு. சாமிக்கு முன்னாலயும் பண்ணக்கூடாது, புள்ள தலையில அடிச்சும் பண்ணக்கூடாது. எடுக்கலன்னா எடுக்கலதான். அதுக்கு மேல ஒரு வார்த்த கெடையாது.”

இன்றைக்கு யோசித்தால் எல்லாம் புரிகிறது. அன்றைக்கு அங்கே நின்ற ஒருவருக்கும் புரியவில்லை. சத்தியம் செய்யப் பயப்படுகிறவன் தப்புச் செய்தவன். எங்களுக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான். அவருக்கோ சத்தியம் செய்வதே தப்பு. “பாத்தீங்களா, கைய நீட்ட மாட்டேங்காரு” என்று மைத்துனர் சொன்னபோது, எனக்கும் அது சரியாகவே பட்டது. முதலாளி கடைசியாக என்னைப் பார்த்தார். “நீ சொல்லுப்பா. டாங்க்குல டீசல் இருந்து, வண்டி நிக்குமா?”

அந்த நிமிஷத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. ‘என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். ஐந்து தடவை பார்த்தும் தெரியவில்லை, குழாயைக் கழற்றவில்லை, அதையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இருபது பேர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோளாறு வண்டியில் இருந்தால் என் பேர் போகும். ஆளிடம் இருந்தால் என் பேர் நிற்கும். இப்படிக் கணக்குப் போட்டுச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனசு அந்தக் கணக்கைத் தானாகப் போட்டுக்கொண்டது. “நிக்காது மொதலாளி” என்றேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. யாரும் கேட்காமலே முன்னால் போய், அவர் தொட மறுத்த அந்தச் சூடத்தை நான் அடித்து அணைத்தேன்.

டிரைவர் அண்ணாச்சி என்னைப் பார்த்தார். சாவியை முதலாளி பக்கத்தில் ஸ்டூலில் வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு, கேட் வழியாக வெளியே போய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டார்.

அவர் போன பிறகு வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. டீசல் திருட்டு நடந்த வண்டி என்பதால் முதலாளி ஒரு ஏற்பாடு செய்தார். டாங்க் மூடிக்குப் பூட்டு போட்டார். வண்டி நெடுந்தூரம் போகாமல் உள்ளூரில் மட்டும் ஓட வேண்டும். சாயங்காலம் வந்ததும் டாங்கை வாய்வரை நிறைத்துப் பூட்டிவிட வேண்டும். இந்த ஏற்பாட்டில் டீசல் அரை டாங்க்குக்குக் கீழே இறங்கவே இல்லை. இறங்காததால் வண்டி நிற்கவும் இல்லை. ‘பாத்தியா, ஆள மாத்தினோம், வண்டி சரியாயிருச்சு’ என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். டீக்கடையில் உட்கார்ந்து கையை அடித்துக் காட்டிச் சொன்னேன். என் சத்தியத்துக்குப் பிறகு ஒர்க்‌ஷாப்பில் கூட்டம் கூடியது. நேர்மையான மெக்கானிக் என்று கூமாப்பட்டியிலிருந்தெல்லாம் டிராக்டர் கொண்டுவந்தார்கள்.

அவருக்கு அதன்பின் யாரும் ஸ்டியரிங் கொடுக்கவில்லை. ராஜபாளையத்தில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இல்லை, சிவகாசி வரைக்கும் போய்க் கேட்டாராம். டிரைவர்கள் பேச்சு லாரியைவிட வேகமாகப் போகும். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா காய்ச்சும் இடத்தில் அடுப்புக்கு முந்திரிக்கொட்டைத் தொலி அள்ளிப் போடும் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு தடவை பால்கோவா வாங்கப் போனபோது உள்ளே புகைக்கு நடுவே அவரைப் பார்த்தேன். கண் இரண்டும் சிவந்திருந்தன. திருடினவன் அனுபவிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு கடையை மாற்றி வாங்கிக்கொண்டு வந்தேன். அப்படியே நினைத்தேன். இதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை.

வருஷங்கள் ஓடின. முதலாளி காலமானார், மைத்துனரும் போய்ச் சேர்ந்தார். பேக்டரியை மூடினார்கள். லாரி அங்கேயே வேப்ப மரத்தடியில் டயர் மண்ணில் புதையக் கிடந்தது. போன வருஷம் முதலாளியின் பேரன் வெளியூரிலிருந்து வந்தான். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். பழைய வண்டிகளை எல்லாம் சேர்த்து ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஊர்வலம் போவதாகவும், தாத்தாவின் லாரியை அதில் விடவேண்டும் என்றும் சொன்னான். எஞ்சினை மதுரையில் கொடுத்துப் புதுப்பித்துவிட்டான். வர்ணம் அடித்து, பித்தளையெல்லாம் துலக்கி, வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிஷம் ஓடி இருமிவிட்டு நின்றது. “தாத்தா, இந்த வண்டிய உங்கள விட்டா யாருக்குத் தெரியும், வாங்க” என்று காரில் வந்து அழைத்துப் போனான்.

“டீசல் எம்புட்டு ஊத்திருக்க?” என்றேன். கண்காட்சிக்கு ஓடுகிற வண்டிதானே என்று இருபது லிட்டர் ஊற்றியிருந்தான். டாங்கை நிறைக்கச் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. பழைய பழக்கம். ஏனோ சொல்லவில்லை. ஒரு கேனில் டீசல் எடுத்து, எஞ்சினுக்கு மேலே தொங்கவிட்டு, குழாயை ஃபீட் பம்பில் மாட்டினேன். எஞ்சின் நிற்காமல் ஓடியது. கேனில் ஓடுகிறது, டாங்க்கில் ஓடவில்லை. அப்படியானால் கோளாறு டாங்க் பக்கம். இதைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்த மனிதர் முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் ரோட்டோரத்தில் நின்று இதையேதான் செய்தார். திருட்டு என்று நாங்கள் சொன்னது மெக்கானிக் வேலை. நான் செய்திருக்க வேண்டிய வேலை.

நாலு ஸ்க்ரூவும் அப்படியே இருந்தன. நாலையும் உடைத்தேன். குழாயை வெளியே இழுத்து, அடிமுனையைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு மேலே வாய் வைத்து ஊதினேன். குழாயின் நடுவில், ஒட்டுப்போட்ட இடத்திலிருந்து காற்று என் கைமேல் அடித்தது. மயிரிழை அளவு வெடிப்பு. சரியாகப் பாதி உயரத்தில் இருந்தது. டீசல் அந்த வெடிப்புக்கு மேலே நின்றால் குழாய் டீசலை உறிஞ்சும். கீழே இறங்கினால் காற்றை உறிஞ்சும். அரை டாங்க். “என்ன தாத்தா கோளாறு?” என்று பேரன் கேட்டான். “பைப் வெடிச்சிருக்கு, மாத்தணும்” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய குழாயைப் பழந்துணியில் சுற்றி என் பையில் வைத்துக்கொண்டேன்.

ஊர்வலத்தன்று புதுக் குழாயோடு லாரி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நிற்காமல் போனது. என்னையும் முன் சீட்டில் உட்காரவைத்தார்கள். அங்கே ஒரு மண்டபத்தில் மேடை போட்டிருந்தார்கள். பேரன் மைக்கைப் பிடித்து வண்டியின் கதையைச் சொன்னான். “எங்க தாத்தா காலத்துல ஒரு டிரைவர் இந்த வண்டியில டீசல உறிஞ்சி வித்துட்டு, வண்டி ரிப்பேர்னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். இந்த மெக்கானிக் தாத்தாதான் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிக் கண்டுபிடிச்சுக் குடுத்தாங்க.” கூட்டம் சிரித்துக் கை தட்டியது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை என் முன்னால் நீட்டினார்கள். பையில் அந்தக் குழாய் இருந்தது. கையை உள்ளே விட்டால் வந்துவிடும். “எல்லாருக்கும் ரொம்ப நன்றி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

சாப்பாடு தொடங்கியதும் நழுவி வெளியே வந்தேன். விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். மண்டபத்திலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. மகள் கதவைத் திறந்தாள். அவளுக்கே ஐம்பது வயது இருக்கும். “அப்பா, ராஜபாளையத்துல இருந்து ஒரு மெக்கானிக்கு வந்திருக்காவ” என்றாள். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். எண்பது தாண்டிவிட்டது. பார்வை மங்கியிருந்தது, காது நன்றாகக் கேட்டது.

“சூடம் அணைச்ச தம்பியா? உள்ள வா” என்றார்.

குழாயை அவர் கையில் கொடுத்தேன். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே விரலால் தடவிக்கொண்டு போய் அந்த ஒட்டில் நிறுத்திவிட்டார். ஒரு முனையைக் கட்டை விரலால் மூடி, மறுமுனையில் ஊதிப் பார்த்தார். மூச்சுப் போதவில்லை. ஆனாலும் காற்று எங்கே வருகிறது என்று கண்டுகொண்டார். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நான் அழுதேன். அண்ணாச்சி, நான் பாவி, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் வேறு ஒன்று கேட்டார்.

“காலையில கொட்டுச் சத்தம் கேட்டுச்சு. வண்டி வந்துச்சோ?”

“வந்துச்சுண்ணாச்சி.”

“நல்ல கூட்டமோ?”

“நல்ல கூட்டம்.”

“அம்புட்டு பேரு முன்னால இத எடுத்துக் காட்டினியா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மடித்து வைத்திருந்த பொன்னாடை பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் குழாயைத் திருப்பி என் கையில் வைத்தார்.

“அன்னைக்கு இருவது பேரு முன்னால சொன்ன. இன்னைக்குத் தனியா வந்து என்ட்ட சொல்லுத. நான் எடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே தம்பி. தெரியாதவியள்ட்ட போய்ச் சொல்லு.”

மகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். முகம் கொடுத்துப் பேசாதவள், நான் எழுந்தபோது வாசல்வரை வந்தாள். “என்னப் பொண்ணு பாக்க வந்தவுகள்ல ரெண்டு குடும்பம் இதக் கேள்விப்பட்டுத்தான் திரும்பிப் போனாவ. நானும் இப்படியே இருந்துட்டேன். அவிய வீட்டுக்கும் இந்தக் கொழாயக் கொண்டு போய்க் காட்டுவீயளா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்பது போலத்தான் கேட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

ராஜபாளையம் வந்ததும் பேரனுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பையன் பதறிப்போனான். “அய்யோ, அப்படியா தாத்தா? பாவம். சரி, இனிமே எங்கயும் அந்தக் கதையச் சொல்ல வேண்டாம், விட்டுருவோம்” என்றான். திருடன் என்று சொன்னதைத் திருத்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. சொல்லாமல் விட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கையில் மைக்கை வைத்துக்கொண்டு நன்றி சொன்னவன் நான்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தெரியாதவர்களிடம் போய்ச் சொல் என்றாரே, இதுவும் ஒரு வழிதான் என்று நினைத்தேன். எழுதி முடித்து ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். முதலாளி, மைத்துனர், பேரன், டிரைவர் அண்ணாச்சி, மெக்கானிக். ஒருவர் பெயரும் இதில் இல்லை. யார் வீட்டையும் சங்கடப்படுத்த வேண்டாமே என்று நானாகத்தான் எடுத்துவிட்டேன். அன்றைக்கு அந்த முற்றத்தில் அவரைத் திருடன் என்று சொன்னபோது, பெயரையும் சொன்னோம், அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னோம்.